சென்னைக்கு ஏற்ற குவில்ட்: மேலடுக்கு முடிந்தது, கைத்தையல் நடக்கிறது

துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வையான குவில்ட்டின் மேலடுக்கைத் தைத்து முடித்து, மேலடுக்கு, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கச்சா தையல் போட்டாயிற்று. இப்போது கையால் நூலோட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 45 அங்குல அகலமும் 63 அங்குல நீளமும் கொண்ட இந்தப் போர்வையை என் மாமியாருக்காகத் தைக்கிறேன். ஏ.சி. போட்ட அறையில் இரவில் போர்த்திக்கொள்ள மெல்லியதாக ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் தேவை. கடையில் வாங்கிய கம்ஃபர்ட்டரைப் போர்த்தினால் கழுத்தில் வியர்க்கிறது, எடுத்துவிட்டால் கால் குளிர்கிறது. அவர் ஐந்தடிக்கும் குறைவான உயரம் என்பதால் 63 அங்குலம் தாராளமாகப் போதும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்பு நான் அதிகம் யோசித்தது, கண்ணுக்குத் தெரியாத நடு அடுக்கைப் பற்றித்தான். குவில்ட் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; அவற்றில் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு ஷீட் வைப்பதே வழக்கம். இங்கே எளிதாகக் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் 100, 150, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று கனத்தின் அளவில் விற்கப்படுகிறது. விலை குறைவு, எடையும் குறைவுதான். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊரில், அத்தகைய போர்வை ஏ.சி.யை நிறுத்திய சில நிமிடங்களிலேயே தொல்லையாகிவிடும். பருத்திப் பஞ்சு வைக்கலாம் என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த பிறகு அது முழுமையாகக் காய்வதற்குள் ஈரவாடை ஏறிவிடுகிறது. ஆகவே பஞ்சே இல்லாத குவில்ட்தான் சென்னைக்குப் பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தேன்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. வங்காளத்துக் காந்தா என்னும் போர்வை, பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உருவாவது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவுதி என்னும் போர்வைகளும் பழந்துணிகளால் ஆனவையே. அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். நம் பக்கத்தில் துணியின் மேல் துணி ஒட்டித் தைக்கும் கலை கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளில் இருக்கிறது என்றாலும், அது போர்த்திக்கொள்வதற்கானது அல்ல.

நடு அடுக்குக்கு என்ன வைப்பது என்பதை வீட்டிலேயே பேசித் தீர்த்தோம். “பஞ்சும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க மாமாவோட எட்டு முழ வேட்டி நைஞ்சு போய்க் கெடக்கு, அதை எடுத்துக்கோம்மா” என்றார் மாமியார். “நைஞ்சதா? இன்னும் ரெண்டு வருஷம் கட்டலாம்” என்று மாமனார் மறுத்தார். வேட்டி என் கைக்கு வந்துவிட்டது; அவர் இன்னும் முழுமையாகச் சமாதானம் ஆகவில்லை. அந்த வேட்டியின் அளவு இந்த வேலைக்கென்றே அமைந்தது. முழம் 18 அங்குலம் என்பதால் எட்டு முழம் 144 அங்குலம். இரண்டாக மடித்தால் 72 அங்குல நீளத்தில் இரண்டு அடுக்குகள் கிடைக்கின்றன. 50 அங்குல அகலத்தில் இருபுறத்துக் கரைகளையும் கத்தரித்த பிறகும் 48 அங்குலம் மிஞ்சியது. கரையை விட்டுவைத்தால் அந்த இடம் மட்டும் தடித்து, ஊசி இறங்கத் திணறும். பலமுறை துவைத்த வேட்டி என்பதால் இனி சுருங்குவதற்கும் அதில் எதுவும் இல்லை.

மேலடுக்கு ஒன்பது சதுரங்கள் கொண்ட கட்டங்களும் வெற்றுக் கட்டங்களும் மாறிமாறி வரும் எளிய அமைப்பு. 9 அங்குலக் கட்டங்கள் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு, ஆக 35. அவற்றில் 18 ஒன்பது சதுரக் கட்டங்கள், 17 வெற்றுக் கட்டங்கள். வெற்றுக் கட்டங்களுக்குக் காடா துணியைத் தேர்ந்தெடுத்தேன். பாரிமுனை கோடவுன் தெருவில் அடுக்கடுக்காகக் கண்ணைப் பறிக்கும் துணிகளுக்கு இடையே காடாவைக் கேட்பவரைக் கடைக்காரர் சற்று இரக்கத்தோடுதான் பார்க்கிறார். வெளுக்காத அந்தத் துணியில் நெசவுக்காகப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும், முதல் துவைப்பில் நன்றாகச் சுருங்கவும் செய்யும். எனவே வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, அரைகுறை ஈரத்தில் இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

சிறு சதுரங்களுக்கு ரவிக்கைத் துண்டுகள், டூ பை டூ ரூபியா, பாப்ளின், மெட்ராஸ் செக்ஸ் சட்டைத்துணி ஆகியவற்றின் மிச்சங்கள் பயன்பட்டன. தெருமுனை டெய்லர் கடையில் வெட்டி ஒதுக்கிய பிட்டுகளைக் கேட்டால் பை நிறையத் தருவார்கள். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் கலப்புத் துணி. சந்தேகம் வரும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் போதும்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பனியன் துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இதற்கு ஆகாது. இழுத்த பக்கமெல்லாம் நீளும் துணியில் கால் அங்குலத் தையல் நேராக நிற்காது.

சாயம் போகிறதா என்று பார்ப்பதில் நான் கொஞ்சம் அதிகப்படியான கண்டிப்புக்காரிதான். ஒவ்வொரு துணியையும் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தேன். உப்பு நீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று பலரும் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாயம் ஏற்றும்போது சாயத்தைப் பருத்தியின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மை. அதை இழையோடு பிணைப்பது சோடா போன்ற காரம். சாயம் ஏறி முடிந்த துணியை வீட்டில் உப்பில் போடுவதால் ஆவது ஒன்றுமில்லை, நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுவதே வழி. சென்னைப் பெயரைத் தாங்கிய கட்டம்போட்ட துணியே 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போய், சாயம் போகிறது என்ற புகாருக்கு ஆளாகி, பிறகு சாயம் போவதையே பெருமையாகச் சொல்லும் விளம்பரத்தோடு விற்றது. சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். காடா துணியின் பக்கத்தில் வைத்துத் தைப்பவளுக்கு அந்தப் பெருமை தேவையில்லை. கத்தரிப்பூ நிறச் சுங்குடித் துண்டு ஒன்று எத்தனை அலசியும் கைக்குட்டையைச் சிவக்கவைத்ததால் அதை ஒதுக்கிவிட்டேன்.

துண்டுகளை ஒவ்வொரு சதுரமாக வெட்டாமல், மூன்றரை அங்குலப் பட்டைகளாக வெட்டி, மூன்று பட்டைகளை நெடுக்கில் இணைத்து, பிறகு குறுக்கே மூன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினேன். அடர்நிறம், வெளிர்நிறம், அடர்நிறம் என்ற வரிசை இரண்டும், அதன் மறுதலை ஒன்றும் சேர்ந்தால் ஒரு கட்டம் முடிந்தது. முழுநீளப் பட்டைகளாகத் தைத்தால் வேகம் கூடும் என்றாலும் எல்லாக் கட்டங்களும் ஒரே முகமாக இருக்கும். அதனால் நான்கு வெட்டு மட்டும் கிடைக்கும் அளவில் சிறு பட்டைகளாக வைத்து நிறங்களை மாற்றிக்கொண்டே போனேன். ஜப்பானில் 1979-ல் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த, உருட்டி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டர் இல்லாவிட்டால் இந்த முறை இவ்வளவு பரவியிருக்காது. அதன் அடியில் விரிக்கும் கட்டிங் மேட் விரிப்பை மட்டும் வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைக்கக் கூடாது. சூட்டில் வளைந்துவிட்டால் பிறகு நிமிராது.

தைப்பது என் பாட்டியின் கறுப்பு நிறக் கால் மெஷினில். நேர்தையல் மட்டுமே தெரிந்த அந்த மெஷின் துண்டு இணைப்பதற்கு மிகவும் ஏற்றது. காலை நிறுத்தினால் ஊசியும் நிற்கும், சக்கரத்தைக் கையால் திருப்பி ஒரே ஒரு தையல் கூடப் போடலாம். துணியை அழுத்திப் பிடிக்கும் அதன் ஃபுட்டின் ஓரம் கால் அங்குல அளவைக் காட்டாது என்பதால், ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் அளந்து, மெஷினின் தகட்டின் மேல் மருத்துவ டேப்பை நாலைந்து மடிப்பாக ஒட்டி ஒரு சிறு வரம்பு கட்டினேன். துணியின் ஓரம் அதை உரசியபடியே போகும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒரு தையல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே போனால், இருபுறத் துண்டுகளிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல்கள் என்பதால் மொத்தம் கால் அங்குலம் சிறுத்துப்போய், பக்கத்து வெற்றுக் கட்டத்தோடு மூலை சேராது. ஊசி 14-ஆம் எண். தையல்களின் ஓரங்களை எப்போதும் அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்தே இஸ்திரி போட்டேன். வெளிர்துணியின் அடியில் நிழல் தெரியாது, அடுத்தடுத்த வரிசைகளில் ஓரங்கள் எதிரெதிர்த் திசையில் சாய்வதால் மூலைகளும் தாமாகவே கவ்விக்கொள்கின்றன.

அடித்துணி நன்றாகத் துவைத்து மெலிந்த ஒரு பருத்திப் புடவை. புடவையின் அகலம் மேலடுக்கின் அகலத்தை ஒட்டியே இருந்ததால், இரண்டு நீளங்களை வெட்டி இணைத்து, போர்வையை மடிக்கும்போது நடு மடிப்பு விழும் இடத்தில் அந்த இணைப்பு வராதபடி ஒதுக்கிவைத்தேன். கூடத்துத் தரையில் அடித்துணியை இழுத்து டேப்பால் ஒட்டி, அதன் மேல் வேட்டியின் இரு அடுக்குகள், அதன் மேல் மேலடுக்கு என்று விரித்து, நான்கு அங்குல இடைவெளியில் கச்சா தையல் போட்டேன். இதற்கு ஊக்கு குத்தினால் வேலை விரைவில் முடியும். ஆனால் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில், வாரக்கணக்கில் துணியிலேயே கிடக்கும் ஊக்கு துருப்பிடித்துக் காடா துணியில் கறை வைக்கும். அந்தக் கறை எளிதில் போகாது.

இனி, நான் ஆசையோடு காத்திருந்த பகுதி. வெற்றுக் கட்டங்களில் சிக்குக் கோலத்தை நூலால் போட்டுக்கொண்டு வருகிறேன். ஒன்றரை அங்குல இடைவெளியில் 4-க்கு 5 புள்ளிகள். இந்த எண்களுக்குக் காரணம் இருக்கிறது: வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுஎண் இல்லாவிட்டால், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து செல்லும் எளிய சிக்குக் கோலம் ஒரே கோடாகத் தொடங்கிய இடத்தில் வந்து சேரும். 5-க்கு 5 வைத்தால் ஐந்து தனிக் கோடுகளாகப் பிரியும். ஒரே கோடு என்றால் நூலை ஓரிடத்தில் முடித்து மற்றோரிடத்துக்குத் தாவ வேண்டியதில்லை. முழுக் கோலமும் 6 அங்குலத்துக்கு ஏழரை அங்குலத்தில் அடங்குவதால், 9 அங்குலக் கட்டத்தில் எல்லாப் பக்கமும் இடம் மிஞ்சுகிறது.

ஒரு கோலத்தின் கோட்டு நீளம் கணக்குப்படி ஏறத்தாழ 85 அங்குலம். 17 கட்டங்களுக்கும் சேர்த்து 36 மீட்டருக்கு மேல். கையால் தைக்கும் நூலை 18 அங்குலத்துக்கு மேல் நீளமாக எடுத்தால் முறுக்கிக்கொண்டு பிசிறுவிடும் என்பதால், ஒரே கோடாக இருந்தாலும் ஒரே நூலில் முடிவதில்லை. தேன்மெழுகில் நூலை ஒருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்கு குறைகிறது. புள்ளிகளை மட்டும் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்கிறேன், கோட்டை வரைவதில்லை. வாசலில் போடுபவர்களுக்குப் புள்ளி போதும்போது எனக்கும் போதும். நீரில் கரையும் நீலப் பேனாவைத் தவிர்த்ததற்கு ஒரே காரணம், தெரியாமல் அதன் மேல் இஸ்திரி பட்டால் மை நிலைத்துவிடும் என்பதுதான். சித்திப் பெண்களைப் போல ஓரத்திலிருந்து தொடங்கும் துணிவு எனக்கு இல்லை. நடுக் கட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போகும்போது, அடுக்குகளில் தேங்கும் சிறு தளர்வுகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறிவிடுகின்றன. நான்கு மெல்லிய பருத்தி அடுக்குகளில் பஞ்சின் மேடுபள்ளம் இல்லாததால் கோலம் புடைத்துத் தெரியாது என்று அஞ்சினேன். முடிந்த கட்டங்களை ஒருமுறை நனைத்துக் காயவைத்தபோது நூலோடிய இடங்கள் இலேசாகச் சுருங்கிக் கோடு எழுந்து நிற்கிறது. அடர்பச்சை நூல் என் தேர்வு. வெள்ளை நூல் அடக்கமாக இருக்கும் என்று மாமியார் சொன்னார், இப்போது அவரும் பச்சையின் பக்கம்.

கை வலிக்கும் நாட்களுக்கென்று இரண்டு சிறு வேலைகளையும் வைத்திருக்கிறேன். பழைய ஜீன்ஸ் கால்களில் பாப்ளின் லைனிங்கோடு ஒரு காய்கறிப் பை. அதற்கு ஊசி 16. மிஞ்சிய ஜீன்ஸையும் பழைய துவாலையையும் அடுக்கிச் சூடான பாத்திரம் இறக்கும் பிடித்துணிகள். அதில் பாலியஸ்டர் பஞ்சு கலக்கவே கூடாது, சூட்டில் உருகும்.

குவில்ட்டில் இன்னும் மிச்சம், ஓரப்பட்டை. சுற்றளவு 216 அங்குலம். மூலைகளுக்கும் இணைப்புக்கும் சேர்த்து 228 என்று வைத்துக்கொண்டு, இரண்டேகால் அங்குல அகலத்தில் ஆறு பட்டைகள் வெட்ட வேண்டும், அதற்கு 35 சென்டிமீட்டர் துணி போதும். மெரூன் பாப்ளின் எடுத்து நனைத்து வைத்திருக்கிறேன். டெய்லர் கடை அண்ணன், “ஓரத்துக்குக் கிராஸ் பீஸ்தான் வெட்டணும் மேடம், இல்லன்னா சுருக்கம் விழும்” என்கிறார். கழுத்துக்கும் கைக்குழிக்கும் அவர் சொல்வதுபோல் சாய்வாக வெட்டிய பட்டை சரி. வளைவே இல்லாத நான்கு நேர்க்கோடுகளுக்கு நேர்நூலில் வெட்டிய பட்டை நீளாமல் நிற்கும், துணியும் வீணாகாது. அதனால் நேராகவே வெட்டப்போகிறேன். மெஷினில் முன்பக்கம் தைத்து, பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்வதாகத் திட்டம்.