மொதல்ல குளிர வை, அப்புறம் ஆம்புலன்ஸ்

ஆகஸ்ட் 1, 2025
இன்னிக்கு கோரி ஸ்ட்ரிங்கர் இறந்த நாள். அமெரிக்கன் ஃபுட்பால் ப்ளேயர், மினசோட்டா வைக்கிங்ஸ் டீம், 27 வயசு, 2001ல ட்ரெய்னிங் கேம்ப் வெயில்ல ஹீட் ஸ்ட்ரோக் (உடம்பு சூடு எல்லை மீறி ஏறி மூளையே கொழம்பிப் போறது) வந்து சுருண்டு விழுந்தவரு விடியறதுக்குள்ள போய்ட்டாரு. அவர் பேர்ல 2010ல கனெக்டிகட் யுனிவர்சிட்டில இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்ச ப்ரொபசர் டக்ளஸ் காசாவோட பேப்பர்கள் படிச்சுதான் நான் இந்த அத்லெட்டிக் ட்ரெய்னிங் (ப்ளேயர்ஸுக்கு அடிபட்டா, மயங்கி விழுந்தா கிரவுண்டுலயே பாத்துக்கற வேலை) மாஸ்டர்ஸுக்கே வந்தேன். 1985ல, 16 வயசுல, பஃபலோல 10 கிமீ ரேஸ் கடைசி ரவுண்டுல அவரும் இதே ஹீட் ஸ்ட்ரோக்ல விழுந்தவரு, பக்கத்துல இருந்த அத்லெட்டிக் ட்ரெய்னர் உடனே கண்டுபிடிச்சதால பொழச்சாரு. அன்னிலேர்ந்து வாழ்க்கை முழுக்க இந்த ஒரே விஷயம்தான்.

ஆகஸ்ட் 4
நான் ட்ரெய்னர் மேடம்கிட்ட வேலை கத்துக்கற ஹைஸ்கூல்ல ஃபுட்பால் பிராக்டிஸ் ஆரம்பம், டெக்சாஸ் வெயில் சொல்லவே வேணாம். மொத ரெண்டு நாள் ஹெல்மெட் மட்டும், பேடெல்லாம் அப்புறம்தான், உடம்பு வெயிலுக்குப் பழகணும்ல. டப்ல தண்ணி, ஐஸ் ரொப்பி வச்சேன். ஆசனவாய் வழியா வைக்கிற தெர்மாமீட்டரைப் பாத்து கோச் மூஞ்சி சுளிச்சாரு, நெத்தில வச்சா போதாதானு கேட்டாரு. போதாது கோச், வேர்த்து ஓடுறவன் நெத்தி, காது, வாய் எதுவும் உள்ள இருக்கற சூட்டைக் காட்டாது, 101னு பாத்து உக்கார வச்சிட்டா அவ்ளோதான்.

ஆகஸ்ட் 6
அம்மா போன். "ஏங்கண்ணு, ஐஸ் தண்ணில போடறதுக்கா இவ்ளோ படிப்பு?" மாசசூசெட்ஸ்ல ஃபால்மவுத் ரோட் ரேஸ் கதைய சொன்னேன், 18 வருஷத்துல 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக், எல்லாரையும் அங்கயே ஐஸ் தண்ணில எறக்கினாங்க, ஒருத்தர் கூட சாகலம்மா. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல விழுந்த பையன ஞாபகப்படுத்துச்சு, மூஞ்சில தண்ணி தெளிச்சிட்டு எல்லாரும் ஆட்டோவுக்கு காத்துட்டு நின்னோம்.

ஆகஸ்ட் 13
கை இன்னும் வெறைச்ச மாதிரியே இருக்கு. ஃபுல் பேட் போட்ட ரெண்டாவது நாள், பெரிய பையன், லைன்மேன் (டீம்ல முன்வரிசைல நின்னு மோதறவன்), தள்ளாடிட்டே வந்து என்னைப் பாத்து யாரோ பேரு சொல்லி திட்டினான். தண்ணி குடுக்கலாம்னு ஒருத்தர் ஓடி வந்தாரு, நான் வேணாம்னேன். ட்ரெய்னர் மேடம் சுத்தி துணி பிடிக்கச் சொல்லி டெம்பரேச்சர் எடுத்தாங்க, 106. அஞ்சு பேரு தூக்கி டப்ல எறக்கினோம், நான் அக்குளுக்கு அடில துண்டை விட்டு பின்னாடி இழுத்துப் பிடிச்சு தலை முங்காம பாத்துக்கிட்டேன், மேடம் தண்ணிய கலக்கிட்டே இருந்தாங்க, ஏன்னா கலக்கலன்னா உடம்ப ஒட்டி இருக்கற தண்ணி சூடாகி அப்படியே நிக்கும். ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு, உடனே ஏத்தணும்னாங்க, மேடம் விடல. 104. 103. பத்து நிமிஷம் தாண்டி 102 வந்ததும்தான் வெளிய எடுத்தோம். அப்ப என்னைப் பாத்து "ரொம்ப குளிருது"ன்னான் பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஆகஸ்ட் 14
அவங்கப்பா போன் பண்ணாரு, முழிச்சிட்டு இருக்கானாம், நேத்து நடந்தது எதுவும் ஞாபகம் இல்லையாம். லிவர், கிட்னி ப்ளட் டெஸ்ட் மறுபடி எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். காலைல கோச் எனக்கு முன்னாடியே வந்து ஐஸ் மூட்டைய எறக்கிட்டு இருந்தாரு.