காகிதம் என்னிடம் இருக்கிறது, டிராயிங் சாருக்கு எங்கே போவேன்?

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்கப்புறம் தை பிறக்கும் வரை எங்கள் அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. அட்டையை அளவுக்கு வெட்டும்போது ஓரத்தில் இரண்டு விரல், மூன்று விரல் அகலத்துக்குக் கழியும். சில நாள் ஒரு சாண் அகலத்துக்கே நல்ல போர்டு மிஞ்சும். எல்லாம் கிலோ கணக்கில் வேஸ்ட் கடைக்குப் போகும். நான்கு வருடமாக அதில் அச்சு விழாத வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி, நான் படித்த அரசு உயர்நிலைப்பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முதலாளியிடம் கேட்டதற்கு, "பிள்ளைகளுக்குத்தானே, எடுத்துட்டுப் போப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

முதல் தடவை தெரியாமல் ஆர்ட் பேப்பரைக் கொடுத்துவிட்டேன். பளபளவென்று அழகாக இருக்கும், ஆனால் பென்சில் வழுக்கும், வாட்டர் கலர் ஒட்டாமல் திரண்டு நிற்கும். இப்போது பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளும் காலண்டர் போர்டின் சொரசொரப்பான பின்பக்கமும்தான். பிள்ளைகள் எவ்வளவு அழித்தாலும் கிழியாது.

போன வருடம் ஒரு நாள் பேப்பர் கட்டோடு போயிருந்தேன். ஏழாம் வகுப்புக்கு ஆசிரியர் விடுப்பு. தலைமை ஆசிரியை, "கொஞ்ச நேரம் பிள்ளைங்களோட பேசிட்டு இருக்கீங்களா?" என்றார். என்ன பேசுவது? சட்டைப் பையில் அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸ் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் கழற்றி, மயில் கழுத்தின் மேல் லென்ஸை வைத்து, முன் பெஞ்சில் இருந்த பெண்ணைப் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை. "சார், பச்சையே இல்ல சார்! நீலமும் மஞ்சளும் புள்ளி புள்ளியா இருக்கு!" அவ்வளவுதான், முப்பது பேரும் வரிசை கட்டிவிட்டார்கள். முருகன் கன்னத்தில் ரோஸ் புள்ளியும் மஞ்சள் புள்ளியும், முடியில் கறுப்போடு நீலமும். நான்கே மையில் மொத்தப் படமும் ஆகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். மணி அடித்த பிறகும் லென்ஸைத் திரும்பக் கொடுக்க மனசில்லை அவர்களுக்கு.

எனக்கு இதெல்லாம் தானாக வந்ததில்லை. அதே பள்ளியில் 90-களில் எங்களுக்கு நிரந்தர டிராயிங் சார் இருந்தார். ஒரு கத்தரிக்காயை மேசையில் வைத்துவிட்டு, "கையைப் பார்க்காதே, காயைப் பார்" என்பார். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று ஓவியத்துக்கு இரண்டு நிலை உண்டு. எனக்கு லோயர் பணத்தைக் கட்டியது அவர்தான். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் அச்சகத்தில் வேலை கேட்டேன். இன்று என் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கத்தரிக்காயால் என்று சொன்னால் அதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

எங்கள் தொழிலே அப்படி வந்ததுதான். தமிழ்நாட்டில் பூஜையறைச் சுவர்களில் தொங்கிய தெய்வப் படங்களில் எத்தனையோ கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தவை. சிவகாசி அவற்றை அச்சடித்தது. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், அதற்கும் முன்னால் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கி, பிறகு அரசு ஏற்று நடத்திய பள்ளி அது. அரசு ஓவியத்துக்குப் போட்ட காசு ஓர் ஊருக்கே சோறு போட்டிருக்கிறது.

எங்கள் சார் ஓய்வு பெற்ற பிறகு 2012-இல் பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்தார். அந்த ஆண்டு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று எல்லாம் சேர்த்து மாநிலம் முழுக்க 16,549 பேரை எடுத்தார்கள். மாதம் ரூ.5,000, வாரம் மூன்று அரை நாள். 2021-இல் அது ரூ.10,000 ஆகி, 2023-இல் அறிவித்த உயர்வுக்குப் பிறகு ரூ.12,500 ஆனது. பல வருடம் மே மாதச் சம்பளமே கிடையாது. குடும்பம் நடத்துகிற ஒருவர் இதில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பார்? பலர் விலகிவிட்டார்கள். இந்தச் சம்பளம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கில். 2024-25-இல் பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு ரூ.2,152 கோடியை நிறுத்திவைத்ததே, அதே திட்டம்தான்.

எங்கள் பள்ளிக்கு வந்தவரையும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் இருந்தால்தான் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர். எங்களிடம் 86 பேர். அந்த 86 பேருக்கும் கை இல்லையா, கண் இல்லையா?

2022-இல் அரசு கலைத் திருவிழா தொடங்கியபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அரசுப் பள்ளிப் பிள்ளை மாநில அளவில் ஜெயித்துக் கலையரசன், கலையரசி பட்டம் வாங்கி, வெளிநாட்டுக்கும் போய்வருகிறது. அது நின்றுவிடக் கூடாது. ஆனால் மேடை ஏறும் முன்னால் வாரா வாரம் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் பள்ளியில் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கணக்கு டீச்சர்தான் யூடியூப் பார்த்துப் பறை அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அதற்காக அவரே போதும் என்று விட்டுவிடலாமா?

உதவ நினைக்கிற முன்னாள் மாணவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கலர் பாக்ஸ் வாங்கித் தரலாம், 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' என்ற அரசின் நன்கொடைத் திட்டம் மூலம் பணம் அனுப்பலாம். எல்லாம் தேவைதான். ஆனால் நன்கொடையில் ஓர் ஆசிரியர் பணியிடம் நிலைக்காது. பணம் தருகிறவருக்கு ஒரு வருடம் தொழில் படுத்தால் வகுப்பும் படுத்துவிடும். அது அரசு தரவேண்டியது, பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு. 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள், அப்படித்தான் நானும் உள்ளே வந்தேன். ஓவிய ஆசிரியர் கேட்டு இதுவரை இரண்டு தீர்மானம் போட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் மூன்றாவது. நீங்களும் உங்கள் ஊர்ப் பள்ளியில் இதைக் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

போன மாதம் பேப்பர் கொடுக்கப் போனபோது அந்தப் பெண் ஓடிவந்தாள். எட்டாம் வகுப்பு இப்போது. காலண்டர் போர்டுத் துண்டில் ஒரு மயில். கழுத்து முழுக்க நீல ஸ்கெட்ச், மஞ்சள் ஸ்கெட்ச், புள்ளி புள்ளியாக. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் பச்சை தெரிகிறது. "கழுத்து வளையிற எடத்துல உருண்டையா தெரிய மாட்டேங்குது சார், எப்படி சார் பண்றது?" என்றாள். புள்ளியை நெருக்கி வைத்துப் பார் என்றேன். வைத்துப் பார்த்தாள். இருட்டானதே தவிர உருண்டை வரவில்லை. எங்கள் சார் இருந்திருந்தால் ஒரு கத்தரிக்காயை எடுத்து மேசையில் வைத்திருப்பார்.