இரண்டு விரல் ஜாங்கோ

காட்பாடியில் கிட்டார் வாசிக்கும் எங்கள் செட்டில் எல்லோருக்கும் ராக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்தான் சாமி. எனக்கு அவருக்கும் முந்தைய ஆட்கள். ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928இல் குடியிருந்த கேரவன் வண்டி தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் முடங்கிவிட்டது, மிச்ச இரண்டு விரலை வைத்துக்கொண்டே அந்த வேகத்தில் சோலோ வாசித்திருக்கிறார் மனுஷன் (முடங்கிய விரல்கள் கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்க மட்டும் கொஞ்சம் உதவும்). அவரைக் கேட்ட பிறகுதான் ஃபிரெட்போர்டில், அதாவது கிட்டாரில் விரல் வைத்து அழுத்தும் பலகையில், நீளவாக்கில் ஓடப் பழகினேன்.

அப்புறம் இன்னொரு கிட்டார்காரர், சார்லி கிறிஸ்டியன். 1939இல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தவர், 1942இல் காசநோயில் போய்விட்டார், 25 வயது. சாக்ஸபோன் மாதிரி ஒற்றை ஸ்வரங்களாகப் பேசுவது அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீர்த்தனைக்கு நடுவே அது எட்டிப் பார்த்தால் கீபோர்டு அண்ணன் முறைப்பார். முறைக்கட்டும்.