கிணற்றுக்கு ஒரு மூட்டை ஜியோலைட் போதுமா?

தொண்டிப் பக்கம் இறால் பண்ணைகளுக்குத் தீவனமும் மருந்தும் விற்கும் கடை எங்களுடையது. குளத்தில் சேரும் அம்மோனியாவுக்காக ஜியோலைட் என்ற கல்லை மூட்டையாக வாங்கிப் போவார்கள். போன வாரம் ஒரு தம்பி வந்து வேறு காரணம் சொன்னார். வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர். பழைய பேட்டரி உடைப்பதும் ஈயம் உருக்குவதும் வீட்டுக் கிணற்றடியில்தான். "அண்ணே, கெணத்துத் தண்ணியில ஈயம் எறங்கிருக்குமோன்னு பயமா இருக்கு. இந்தக் கல்லைப் போட்டா இழுத்துருமாமே, வீடியோவுல பார்த்தேன்" என்றார்.

அவர் பயம் நியாயமானது. ஈயம் கலந்த தண்ணீருக்கு நிறமோ வாடையோ மாறாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஈயத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

வீடியோ சொன்னதும் பொய்யில்லை. ஜியோலைட், எரிமலைச் சாம்பலிலிருந்து உருவாகும் நுண்துளைக் கல். அதில் சிலிக்கான் இருக்க வேண்டிய சில இடங்களில் அலுமினியம் இருப்பதால் கல்லின் கட்டமைப்புக்கு எதிர்மின்னூட்டம் வந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட சோடியம், கால்சியம் அயனிகள் துளைகளுக்குள் தளர்வாக ஒட்டியிருக்கும். ஈய அயனி வந்தால் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிளினோப்டிலோலைட் என்ற வகை காட்மியம், துத்தநாகத்தைவிட ஈயத்தை நன்றாகப் பிடிக்கும். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு கதிரியக்க சீசியத்தைப் பிடிக்கவும் ஜியோலைட்டைத்தான் பயன்படுத்தினார்கள். கட்ச் பக்கம் வெட்டியெடுக்கும் பென்டோனைட் களிமண்ணுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால் அது ஊறிக் குழைந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

சிக்கல் நம்ம ஊர்த் தண்ணீரில் இருக்கிறது. தேவிபட்டினம், வாலிநோக்கம் என்று கடலோரம் முழுக்க எத்தனையோ கிணறுகள் உவர்ப்பு. பிடித்துக் களைத்த ஜியோலைட்டைப் புதுப்பிக்க உப்புக் கரைசலில்தான் கழுவுவார்கள். சோடியம் கூட்டமாக வந்து, கல் பிடித்து வைத்ததை வெளியேற்றும். அப்படியானால் உவர் கிணற்றில் போட்ட கல் முதல் நாளிலிருந்தே உப்போடு மல்லுக்கட்ட வேண்டும். கோடையில் உப்பு ஏறும்போது, பிடித்த ஈயத்திலும் கொஞ்சத்தை விட்டுவிடலாம். இதைப் பண்ணைக்காரர்களிடம் கேட்டாலே தெரியும்: நன்னீரில் அம்மோனியாவைப் பிடிக்கிற அளவுக்கு உவர்நீர்க் குளத்தில் இது பிடிப்பதில்லை. இதை விற்கிறவனே சொல்கிறேன், குடிக்கிற கிணற்றில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டாதீர்கள். கல் அடிச்சேற்றில் புதைந்து கிடக்கும், அவ்வளவுதான். தண்ணீர் அந்த மணிகளின் ஊடே மெதுவாக இறங்கினால்தான் வேலை நடக்கும். மழைநீர்த் தொட்டி மாதிரி உப்பில்லாத இடமாக இருந்தால் வடிகட்டியில் அடைத்து வைப்பதில் அர்த்தம் உண்டு.

தண்ணீரில் கலக்கும் இன்னொரு நஞ்சான ஆர்செனிக்கின் கதையே வேறு. அது தண்ணீரில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடோ மின்னூட்டமே இல்லாமலோ இருப்பதால் வெறும் ஜியோலைட்டுக்குச் சிக்காது. அதற்கு இரும்பு ஆக்சைடு உள்ள கனிமங்கள் வேண்டும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? முதலில் உருக்குகிற வேலையைக் கிணற்றடியிலிருந்தும் பிள்ளைகள் புழங்குகிற இடத்திலிருந்தும் மாற்றச் சொன்னேன். அந்தப் புகையும் தூசியும் தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து. பேட்டரி அமிலத்தை மண்ணில் ஊற்றவே கூடாது. அமிலம் ஏறிய மண்ணில் ஈயம் எளிதாக இளகிக் கீழே இறங்கும். அப்புறம் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது 'ஈயம்' என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு மாதிரியானவைதான் பார்ப்பார்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் போதும்.

"அப்படியே வடிகட்டி வச்சாலும், பழைய கல்லை என்னண்ணே பண்றது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தண்ணீரிலிருந்து பிடித்த ஈயம் அந்தக் கல்லில்தான் இருக்கும். தென்னைக்கு அடியிலோ இறால் குளத்திலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள வாளியில் போட்டு, மேலே 'ஈயம்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.