காலி, பேச்சிராக், எங்கள் ஊர்

போன ஜமாபந்திக்கு அம்மாவின் பட்டா மனுவை எடுத்துக்கொண்டு போய் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். காதில் விழுந்த வார்த்தைகள் எல்லாம் தாசில்தார், பசலி, தாலுகா, வசூல், ரசீது. அத்தனையும் பாரசீகம் வழியாக நமக்கு வந்தவை. நவாப் காலத்துக் கணக்கு மொழியை வெள்ளைக்காரன் வைத்துக்கொண்டான், நாமும் வைத்துக்கொண்டோம். சரி, அந்த மொழியையே வீட்டில் பேசுகிற ஒரு ஈரான் கிராமத்தை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று அன்றைக்கு ஒரு கேள்வி வந்தது, இன்னும் விடவில்லை.

அங்கே ஊருக்குப் பெயர் தேஹ். பல ஊர் சேர்ந்தால் தெஹஸ்தான், அதற்கு மேல் பக்ஷ், ஷஹ்ரஸ்தான், கடைசியில் ஒஸ்தான் என்கிற மாகாணம், மொத்தம் 31. பக்ஷின் அதிகாரி பக்ஷ்தார். நம் தாசில்தாரில் இருக்கும் அதே 'தார்'தான். முன்பு ஊரில் கத்கோதா என்று ஒருவர் இருந்தார், பெரும்பாலும் நிலச்சுவான்தாரின் ஆள். 1980 வரை பரம்பரையாக இருந்த நம் மணியக்காரர், கர்ணம் ஞாபகம்தான் எனக்கு வந்தது. இப்போது ஊர் மன்றம் இருக்கிறது. முதல் தேர்தல் 1999ல் நடந்தது. 1,500 பேர் வரை உள்ள ஊருக்கு மூன்று உறுப்பினர்கள், அதற்கு மேல் போனால் ஐந்து பேர். அவர்கள் தேர்ந்தெடுப்பவர் தெஹ்யார், தெரு, குப்பை, கட்டட அனுமதி எல்லாம் அவர் பொறுப்பு. 'யார்' என்றால் தோழன். ஊருக்குத் தோழன் என்று ஒரு பதவிக்குப் பெயர் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நம்மூரில் ஊராட்சித் தலைவரை நாமே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், அது பெரிய விஷயம். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கான தேர்தலை நடத்தவிடாமல் பத்து வருஷம் இழுத்து, 2006ல்தான் ஒழுங்காக நடந்தது என்பதை உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன் மறக்க முடியாது. அப்படி வந்த உரிமை 2016லிருந்து 2019 வரை தேர்தலே இல்லாமல் கிடந்தது, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர் என்கிற அரசு அதிகாரி கைக்குப் போனது. எனக்கு இதில் கோபம் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் என்னை அதிகமாக அசைத்தது அவர்களுடைய மக்கள்தொகைக் கணக்குதான். 1956ல், முதல் தேசியக் கணக்கெடுப்பில், ஈரானில் பத்தில் ஏழு பேர் கிராமத்தில் இருந்தார்கள், 2016ல் நாலில் ஒருவர்தான். பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை பேர், இத்தனை குடும்பம் என்று ஒரு வரி இருக்கும். ஓரிரு குடும்பம்தான் மிச்சம் என்றால் பெயர் மட்டும் இருக்கும், எண்ணை வெளியிட மாட்டார்கள், எண்ணைப் பார்த்தாலே அது யார் வீடு என்று தெரிந்துவிடும் இல்லையா. ஒருவரும் இல்லாத ஊருக்கு அவர்கள் எழுதுவது 'காலி அஸ் சகனே'. நாம் சொல்கிற அதே காலி.

நம் பழைய வருவாய் ஆவணங்களிலும் ஆளில்லாத கிராமத்துக்கு ஒரு பாரசீகச் சொல் உண்டு, பேச்சிராக். 'பே' என்றால் இல்லாத, 'சிராக்' என்றால் விளக்கு. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விளக்கேற்ற ஆளில்லை என்று எங்கள் அப்பத்தா சொன்னதும் இதைத்தானே.

எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு வீட்டுக்காரர்கள் ஆந்திராவில் முறுக்கு வியாபாரம், இன்னொரு வீட்டுக்காரர்கள் திருப்பூரில், நான் மதுரையில். 2027 கணக்கெடுப்பில் நானும் அம்மாவும் மதுரைக் கணக்கில்தான் வருவோம். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே திறந்து, பெருக்கி, மாடத்தில் விளக்கு வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவார், "ஏத்திட்டேன்யா" என்று.