பத்துக் காய் கொடுத்த பையன்

ஏதென்ஸிலிருந்து எபிடாரஸுக்குக் காரில் சுமார் இரண்டு மணி நேரம். வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே அங்குள்ள பழைய கிரேக்க நாடக அரங்கத்துக்குத்தான் போகிறார்கள். 55 வரிசைக் கல் படிகள். கீழே நடுவட்டத்தில் காசு விழுந்தால் உச்சிப் படியில் கேட்கும் என்பார்கள். நானும் போட்டேன். மேலே இருந்த மனைவி கேட்டது என்றாள். என் மனம் நோகக் கூடாதென்று சொல்லியிருப்பாளோ என்னவோ.

நான் வந்தது அஸ்கிளிப்பியஸைப் பார்க்க. அப்பல்லோவின் மகன், கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள், கையில் பாம்பு சுற்றிய கோல். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கோயிலில் இப்போது மிச்சம் அடித்தளம்தான். பொன்னிலும் தந்தத்திலும் திராசிமீடிஸ் செய்த சிலை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அந்தக் கற்களின் முன்னால் செருப்பைக் கழற்றினேன். வெயிலில் கால் சுட்டது. உடனே மாட்டிக்கொண்டேன்.

பக்கத்திலேயே அபாடன், நீளமான தூண் மண்டபம். நோயாளிகள் குளித்து, பலி கொடுத்துவிட்டு, ராத்திரி இங்கே படுப்பார்கள். கனவில் சாமி வருவார். சிலருக்குக் கோயில் பாம்போ நாயோ வந்து புண்ணை நக்குமாம். குணமானால் காணிக்கை. ஆனால் கோயில் எல்லைக்குள் யாரும் சாகக் கூடாது, பிரசவமும் கூடாது. சாகக் கிடந்தவர்களும் பிரசவ வலி கண்ட பெண்களும் வெட்டவெளியில் கிடந்திருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அன்டோனினஸ் என்ற ரோமானியர்தான் அவர்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். இது மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை.

அப்புறம் அருங்காட்சியகம். குணமானவர்களின் கதைகளை வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஓர் எழுத்தும் புரியவில்லை. கதைகளை முன்பே படித்திருந்தேன். அம்ப்ரோசியா என்று ஏதென்ஸுக்காரி, ஒரு கண் தெரியாது. 'கனவு கண்டால் நொண்டி நடப்பானா?' என்று சிரித்தவள். சாமி அவளுக்கும் கண் கொடுத்தார், ஆனால் அறியாமைக்கு அடையாளமாக வெள்ளிப் பன்றி ஒன்று வைக்கச் சொன்னார். குறும்புக்கார சாமி!

நான் தேடி வந்த கதை யூஃபானிஸுடையது. இதே ஊர்ப் பையன், கல்லடைப்பு. எனக்கும் அதே வியாதிதான். அந்த வலி என்னவென்று தெரியும். கனவில் சாமி வந்து, "குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்கிறார். "பத்துக் காய்" என்கிறான் பையன். ஆட்டுக் கணுக்கால் எலும்பு, பிள்ளைகள் வைத்து விளையாடுவது. அவனிடம் இருந்த சொத்தே அதுதான் போல. சாமி சிரித்துவிட்டு, சரி, வலியை நிறுத்துகிறேன் என்றாராம். காலையில் பையன் குணமாகி வெளியே வந்தான்.

கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கை கூப்பினேன். என்ன நேர்ந்துகொள்வது என்று யோசித்துக்கொண்டே சட்டைப் பையில் கை விட்டேன். கார் நிறுத்தின ரசீதும், நாலு மாத்திரை மிச்சமிருந்த ஓர் அட்டையும் இருந்தன.