ஆறு பேட்டரிகளையும் மாற்றச் சொன்னார்கள். கெட்டிருந்தது ஒரே ஒரு செல்

கோவையை அடுத்த எங்கள் முதியோர் குடியிருப்பில், உணவுக்கூடத்துக்கும் மருத்துவ அறைக்கும் நடந்து செல்ல இயலாதவர்களை ஏற்றிச் செல்லும், ஆறு 8 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரிகளில் ஓடும் 48 வோல்ட் பேட்டரி கார், மேட்டில் திணறவும் மாலைக்குள் நின்றுவிடவும் தொடங்கியது. பராமரிப்பு என் பொறுப்பு. பேட்டரி விற்ற கடையிலிருந்து வந்த பணியாளர், சார்ஜரைக் கழற்றிய கையோடு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, ஆறு பேட்டரிகளும் 8.6 வோல்ட்டுக்கு மேல் காட்டுவதால் பழுதில்லை என்றார். பின் வண்டி ஏன் ஓடவில்லை என்று கேட்டதும், வயதாகிவிட்டது, ஆறையும் மாற்றிவிடுங்கள் என்றார். வாரண்டிக் காலம்கூட முடியாத பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட இந்தப் பதிலை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

சார்ஜ் முடிந்தவுடன் எடுக்கும் வோல்ட்டேஜை யாரும் நம்ப வேண்டாம். சில மணி நேரமாவது வண்டியை ஓட்டாமல் வைத்து அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 8 வோல்ட் பேட்டரி அப்போது 8.4 முதல் 8.5 வரை காட்டும். இரவு முழுவதும் விட்டுக் காலையில் அளந்தபோது ஐந்து சரியாக இருந்தன, ஒன்று மட்டும் 8.3 காட்டியது. பார்வைக்கு அற்பமான வேறுபாடுதான். ஆனால் ஆட்களை ஏற்றி மேட்டில் ஓட்டியபடி அளந்ததில் அந்த ஒன்று 7-க்கும் கீழே சரிந்தது. பிறகு ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் உள்ள நான்கு செல்களிலும், அமிலக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன்: மற்ற செல்களில் 1.260-ஐ ஒட்டியிருந்த ஒப்படர்த்தி (தண்ணீரை 1 எனக் கொண்டு ஒப்பிடும் அடர்த்தி; சார்ஜ் குறைந்தால் இதுவும் குறையும்), அந்தப் பேட்டரியின் ஒரு செல்லில் மட்டும் 1.140 ஆக இருந்தது. 0.050-க்கு மேல் வேறுபட்டாலே சந்தேகிக்க வேண்டும். செல்களைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றும் ஈக்வலைசிங் சார்ஜ் கொடுத்தும் அந்தச் செல் மேலேறவில்லை. ஆறும் தொடராக இணைந்திருப்பதால், ஒன்று சோர்ந்தாலே வண்டி முழுவதும் சோர்ந்துவிடுகிறது.

இந்த அளவுகளுடன் கடைக்குச் சென்றால், வாரண்டி அட்டையில் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த முத்திரையை விற்பனையின்போது இட்டிருக்க வேண்டியவர்கள் அவர்களே. பில்லிலும் பேட்டரிகளின் வரிசை எண்களை அவர்கள் குறிக்கவில்லை. ஆகவே புதிதாக வாங்குவோர், ஒவ்வொரு பேட்டரியின் எண்ணையும் பில்லில் எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். இறுதியில் எங்களைக் காப்பாற்றியது, தண்ணீர் ஊற்றிய தேதியையும் ஒப்படர்த்தியையும் மாதந்தோறும் குறித்து வந்த பதிவேடு. அதன் நகலைத் தயாரிப்பு நிறுவனத்துக்கே நேரடியாக அனுப்பிய பின்னர், பழுதான ஒன்றை மட்டும் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள். புதியது பொருத்திய அன்று வண்டி மேட்டில் திணறாமல் ஏறியதைக் கண்டபோது உண்டான நிம்மதி சொல்லி முடியாது.

பராமரிப்பில் பலர் தவறவிடுவது தண்ணீர் ஊற்றும் நேரம். சார்ஜ் ஏறும்போது திரவ மட்டம் உயரும் என்பதால், முன்பே நிரப்பினால் அமிலம் வழிந்து டெர்மினல்களை அரித்துவிடும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாக ஊற்றலாம், மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும், குறிப்பாக அமிலம், கூடவே கூடாது. டெர்மினலில் பூத்த வெண்மையைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைக்கலாம். அந்த நீர் செல்லுக்குள் இறங்காதபடி மூடிகளை முதலில் இறுக்கிவிடுங்கள். பாதிச் சார்ஜுக்குக் கீழே இறங்கவிடாமலும், இறங்கிய நிலையில் நாள்கணக்கில் நிறுத்தாமலும் பார்த்துக்கொண்டால் தகடுகளில் திறனைக் குறைக்கும் சல்பேட் படிவது பெரிதும் குறையும். விடுமுறைக்கு வண்டியை நிறுத்துவோர் முழுச் சார்ஜோடு நிறுத்த வேண்டும்.